மருந்தடிக்காத நாலு வரிசை

கத்தரிக்காயில் புழு இருந்தபோது என்னைத் திட்டினார்கள். புழு நின்றுபோனபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மற்றவர்கள் மேல் இருக்கும் கோபத்தை எழுதிவிடலாம், என் மேல் இருப்பதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் அம்மா குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார், வருவது பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மில்லில் வேலை கிடைத்தபோது தன் பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. இப்போது பதினோரு பிள்ளைகள். நடக்கத் தெரியாததிலிருந்து, அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போகப்போவது வரைக்கும் உண்டு. அவர்களின் அம்மாக்கள் நூல் மில்லிலும் இன்ஜினியரிங் காலேஜிலும் ரிக் ஆபீஸ்களிலும் வேலை பார்க்கிறவர்கள்.

நான் உணவியல் படித்தேன். அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து முடித்து வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, அலமாரியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தது. கம்மஞ்சோறு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை என்று வாரத்துக்கு ஒரு பட்டியல் போட்டேன். லாரி லாரியாக முட்டை போகிற ஜில்லாவில் இருபது நாட்டுக்கோழி முட்டைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அலைந்திருக்கிறேன். "படிச்சவன் ஊட்டுக்கு வந்தா ஒரு பிஸ்கட்டுக்குக்கூட வழியில்லாமப் போச்சு" என்று அம்மா பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் நான் சொன்னதையெல்லாம் ஆக்கிப் போட்டார். வாசலில் ஒரு பலகை மாட்டினேன். 'மருந்தில்லாத உணவு' என்று என் கையாலேயே எழுதினேன்.

அந்தப் பலகையை நான் எழுதியது மாமாவை நம்பி.

எருமப்பட்டிப் பக்கம் அம்மாவின் அண்ணனுக்குத் தோட்டம் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. சந்தைக்குப் போகிற காய்க்கு வாரம் தவறாமல் மருந்து அடிப்பார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் நாலு வரிசையை மட்டும் அடிக்காமல் விடுவார்கள். "அது ஊட்டுக்கு உட்டதுங்க" என்று யார் கேட்டாலும் கூசாமல் சொல்வார்கள். லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்த நாலு வரிசையில் காய்த்ததைத் தின்று வளர்ந்தவன் நான். செவ்வாயும் வெள்ளியும் மாமா ஒரு சாக்கை பஸ்ஸில் ஏற்றிவிடுவார், நான் பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொள்வேன். வெள்ளைக் கத்தரி, அவரை, வெண்டை. எல்லாம் அந்த வரிசைகளில் பறித்தவை.

காசு கொடுக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "என்ற தங்கச்சி ஊட்டுக்குக் காய் வித்தேன்னு ஊர்ல சொல்லோணுமா மாப்ள? போடா போ" என்றார் மாமா. அம்மாவுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் வீட்டிலிருந்து ஒரு பை வருவதென்றால் அதன் அர்த்தம் காய்கறி மட்டுமில்லை. அது வெறுமையாக வரக்கூடாது, வந்ததைப் பிரித்து எண்ணக்கூடாது. மாமா வீட்டில் தின்பதற்கு மூன்று பேர்தான். நாலு வரிசை அவர்களுக்கே சரியாக இருக்கும். அதில் பதினோரு பிள்ளைகளுக்கும் எப்படிக் காய்க்கும்? உணவியல் படித்த நான் இந்த ஒரு கணக்கைப் போடவில்லை.

முதல் புகார் மில்லுக்குப் போகும் ஓர் அக்காவிடமிருந்து வந்தது.

"ஏனுங்க தம்பி, சாம்பார்ல புழு இருந்துச்சுன்னு எம்பையன் சொல்றான். கறி போட்டா கறின்னு முன்னாடியே சொல்லிப்போடுங்க. எங்க ஊட்ல வெள்ளிக்கிழமை சாப்படமாட்டோம்."

"அக்கா, புழு திங்கிற காய்தான் நல்ல காய்."

"அப்ப நல்ல காய அதே தின்னுட்டுப் போவுட்டும். எம்பையனுக்கு வேற குடுங்க."

இன்னொருவர் பூச்சி ஓட்டையிட்ட கத்தரிக்காயைப் படம் பிடித்து பிள்ளைகளின் பெற்றோர்கள் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு, பங்குனி கடைசியில், காய்கள் அழகாக வர ஆரம்பித்தன. ஓட்டை இல்லை, கோணல் இல்லை, எல்லாம் ஒரே அளவு. அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. சாக்கைப் பிரித்து, காய்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, நானே படம் பிடித்துக் குழுவில் போட்டேன். பதினேழு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

சித்திரையில் ஒரு நாள், தோட்டத்தைப் படம் பிடித்துப் போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. சொல்லாமல் கிளம்பிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போதே அந்த வாடை வந்துவிட்டது. சந்தைக் கத்தரியின் ஒரு கோடியில் மாமா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் டேங்க்கோடு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். அதே வயலின் மறு கோடியில் அத்தை காய் பறித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் எங்கள் சாக்கு. அம்மா அதன் ஓரத்தில் சிவப்பு நூலில் அடையாளம் தைத்திருப்பார்.

கிணற்றுப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு வரிசையும் காய்ந்து குச்சியாக நின்றன.

மாமா துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார், பின்னாலேயே அத்தையும். "வா மாப்ள! ஒரு போன் போட்டிருந்தீன்னா இளநி வெட்டி வெச்சிருப்பனே."

"இது என்னங்க மாமா?"

"எது?"

"எங்க சாக்குல அந்தக் காய் போகுது."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை நிலத்தைப் பார்த்தார்.

"கிணத்துல தண்ணி அடிக்குப் போயிருச்சு மாப்ள. மோட்டார் அரை மணி நேரம் ஓடுனாப் பெருசு. அந்தத் தண்ணிய சந்தைக் காய்க்குத்தான் உட முடிஞ்சுது. உங்கத்தை பறிக்கற கோடி போன வாரம் அடிச்சது. உப்புத் தண்ணில அலசுனாப் போயிரும்."

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"நீங்களும் இதத்தான் சாப்படறீங்களா?"

அத்தைதான் சொன்னார், அதுவும் பெருமையோடு. "நாங்க கத்தரிக்கா ஆக்கி ஒரு மாசமாச்சு சாமி. கடைசியாக் காச்சது ஒரு கூடை. அதையும் புள்ளைங்களுக்குன்னு உங்க சாக்குலதான் போட்டேன். நாங்க கொள்ளும் மோருமா ஓட்டிக்கறோம்."

அந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்கேறியது. இந்தக் காயைத் தின்னக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே தாங்கள் தின்னாமல் இருந்திருக்கிறார்கள். அதைத்தான் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"தங்கச்சி ஊட்டுக்கு வெறுஞ்சாக்க அனுப்பச் சொல்றியா?" மாமாவின் குரலும் ஏறிவிட்டது. "கண்டக்டரு முன்னால உங்கொம்மா பேருக்கு வெறுஞ்சாக்கு வரோணுமா?"

"அதுக்கு மருந்தடிச்சத அனுப்புவீங்களா? சின்னப் புள்ளைங்க மாமா!"

"இத்தன வருசமா இந்தத் தோட்டத்துல இருந்து வேன் வேனாப் போவுதே, அதச் சின்னப் புள்ளைங்க திங்கறதில்லியா? அப்ப உனக்குக் கோவம் வந்துச்சா? நாலு வரிசைக் காய உக்காந்து தின்னுட்டுத்தான போன?"

ஆனால் அவர் கேட்டது நியாயம் என்பதற்காக அவர் செய்தது நியாயமாகிவிடாது. இதை அன்றைக்கு அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராமல் போனதே என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன். சாக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்த முடியவில்லை.

"சரி. இனிமே அந்தக் காய் வேண்டாம். உட்டுரு."

"புள்ளைங்களோட அம்மாக்களுக்குச் சொல்லோணும்மா."

"எதுக்கு?"

"பலகை மாட்டியிருக்கோம்ல."

"பலகையக் கழட்டிரு. என்ற அண்ணன் புள்ளைங்களுக்கு வெசம் வெச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லப்போறியா? யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சா? ஒரு காச்ச, ஒரு வாந்தி?"

ஆகவில்லை. ஆனால் ஆகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று எந்த மருந்துப் பாட்டிலைப் பிடித்து யார் சொல்வார்கள்? இதையெல்லாம் அம்மாவிடம் வேகவேகமாகச் சொன்னேன். அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு ஊடுதான் சாமி" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் பொறுத்தேன். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளுக்குப் பருப்பும் கீரையும்தான். மூன்றாம் நாள் சாயங்காலம், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்களை வாசலில் நிற்க வைத்துச் சொன்னேன். ஒரு மாதம் கொடுத்த கத்தரிக்காய் மருந்து அடித்தது, எனக்குத் தெரியாமல் நடந்தது, விசாரிக்காமல் விட்டது என் தப்பு என்றேன். யார் தோட்டம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சாக்கு எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மா உள்ளே விளக்குமாற்றின் சத்தத்தை நிறுத்தவேயில்லை.

அவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். காலேஜில் வேலை பார்க்கும் அக்கா சிரித்துவிட்டார்.

"அய்ய, இதுக்குத்தான் நிக்க வெச்சீங்களா? நாங்க ஊட்ல கடைக்காய்தான் தம்பி வாங்கறோம். ராத்திரிக்கு அதத்தான் இவளும் திங்கறா."

"பின்ன எதுக்குங்க்கா பலகையப் பாத்துட்டு இங்க சேத்துனீங்க?"

"உங்கம்மா நல்லாப் பாத்துக்கறாங்க. போட்டோவும் அழகாப் போடறீங்க." குழந்தையைத் தூக்கி ஸ்கூட்டியில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமாவிடம் வந்ததைவிட அதிகக் கோபம் எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் வந்தது. எதற்காக நான் அலைந்தேன்? யாருக்காக அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலில் நிற்கிறேன்? ஒருவர் பின் ஒருவராகப் 'பரவால்ல தம்பி' சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக நின்றவர் மில் அக்கா மட்டும்தான்.

"புழு நின்னதும், நீங்கதான் பாத்துப் பாத்துப் பொறுக்கிப் போட்டு ஆக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றார். "நான் சத்தம் போட்டதாலன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டேன்."

"நானும் சந்தோசப்பட்டேன்க்கா."

அவர் தலையாட்டினார். பையனின் மாற்றுச் சட்டை, டம்ளர், பாய் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டார். அவன் மறுநாள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அன்றைக்கு நான் சொன்னதைக் காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் இழந்தோம்.

செய்தி எருமப்பட்டிக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மாமா அம்மாவுக்குப் போன் பண்ணினார். அம்மா போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். "இல்லீங்ணா… இல்லீங்ணா…" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கூப்பிடாமல் தனியாகப் பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"கிணத்துப் பக்கம் புள்ளைங்களுக்குன்னு புதுசா நடச் சொல்லியாச்சு. கொடத்துல தண்ணி ஊத்தற கூலி, காய்க்கு வெல, எல்லாம் நாம குடுக்கறோம். மருந்தடிச்சா அனுப்பக்கூடாது. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரோணும்."

"மாமா காசு வாங்கிட்டாரா?"

"அவரு கைய நீட்டல. உங்கத்தை வாங்கிக்கிட்டா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப உனக்குக் கேக்கறதுக்கு உரிமை வந்துருச்சுல்ல? நல்லாக் கேளு."

மூன்று மாதம் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் இல்லை. ஆடி கடைசியில் முதல் காய் வந்தது. வழக்கத்தைவிடச் சின்னச் சாக்கு. பிரிப்பதற்கு முன்னால் மாமாவுக்குப் போன் போட்டேன். அம்மா பக்கத்தில் அருவாமனையோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இதுக்கு மருந்து அடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"மாமா, நான்தான் பேசறேன், உங்க மாப்ள."

"தெரியுதுங்க. வேற ஏதாச்சும் கேக்கோணுமுங்களா?"

கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. போனை வைத்தேன்.

"என்ன சொன்னாரு?" என்றார் அம்மா.

"அடிக்கலையாம்."

"என்னயப் பத்திக் கேட்டாரா?"

"இல்லைம்மா."

அம்மா ஒரு காயை எடுத்துக் கீறினார். உள்ளே பார்த்தார், நகத்தால் எதையோ சுண்டி எறிந்தார், மீதியை நறுக்கித் தண்ணீரில் போட்டார். முன்னறையில் பத்துப் பிள்ளைகளும் பசியில் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.