என் கிரைண்டர் இழுத்த கரண்ட்

எங்கள் முடிச்சூர் ஃப்ளாட்டில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். வீட்டுக்கு ஐநூறு வாட்தான் கணக்கு. அன்று காலை அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஃப்ளாட் சங்க செக்ரட்டரி பனியனோடு இறங்கி வந்து கத்தினார்.

"மாவு ஆட்டுறத நிறுத்துங்கம்மா! உங்க கிரைண்டராலதான் எல்லாருக்கும் பேஜார்."

மாவு விற்றுத்தான் என் குடும்பம் ஓடுகிறது. அந்தக் கடகட சத்தத்தால், தப்பு என்னுடையதுதான் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம், ஒயரைக் கவ்விப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டு, கீழே பேனலில் ஒவ்வொரு வீட்டு ஒயராகப் பார்த்தேன்.

வோல்டேஜ் இருநூற்று முப்பது. கிரைண்டர் ஓடும் என் வீட்டு ஒயரில் ஒன்றரை ஆம்பியர். பெருக்கினால் முந்நூற்று நாற்பத்தைந்து வாட். செக்ரட்டரி வீட்டு ஒயரில் ஐந்து ஆம்பியர்! பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் வெறும் நாற்பத்தாறு ஓம்.

"சார், இது ஃபேன், லைட் இல்ல. உங்க வீட்ல ஏதோ சூடாகுற காயில் ஓடுது."

மாடியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். கையில் அயர்ன் பாக்ஸ். "உங்க சட்டையதாங்க தேய்ச்சிட்டிருக்கேன். இன்னா ஆச்சு?"

செக்ரட்டரி பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

சத்தம் போடுவதுதான் அதிகம் இழுக்கும் என்று நினைத்து இத்தனை நாள் கூனிக் குறுகியிருக்கிறேன். இப்போதெல்லாம் கரண்ட் போனால், வாசல் கதவை விரியத் திறந்து வைத்துத்தான் மாவு ஆட்டுகிறேன்.