குத்தகைக்காரரின் தேன்பெட்டி

எங்கள் குத்தகைக்காரர் நெட்டையானவர். பேசுமுன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அவரை நிலத்திலிருந்து வெளியேற்ற அப்பா கும்பகோணம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். அந்தக் கோடையில் என் தேன்பெட்டியின் ஈக்கள் கூட்டத்தோடு பறந்துபோயின. அவர் பெட்டிகளிலோ தேன் நிறைந்திருந்தது. வயிறெரிய, அவரிடமே போய்க் கேட்டேன்.

“பெட்டிக்குள்ள புழுக்கம், தம்பி,” என்றார். முன்பெல்லாம் என்னைச் சின்னய்யா என்றுதான் கூப்பிடுவார். “மூடிக்கடியில ரெண்டு குச்சி வைங்க, காத்து போகும். ஈக்குஞ்சுப் புழு பெருகுறப்ப கீழே இன்னொரு அடுக்கு குடுங்க. இடம் பத்தலைன்னாதான் ஈ கிளம்பும்.”

சொன்னதோடு, தன்னிடமிருந்த புது அடுக்கையும் என் கையில் கொடுத்தார்.

“எங்கமேல கோபமில்லையா?” என்றேன்.

“வழக்கு நிலத்துக்குத்தானே?”

அடுத்து வந்த கூட்டம் என் பெட்டியிலேயே தங்கிவிட்டது. வழக்கில் அவர் ஜெயித்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த அடுக்கைக் கொடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் பொறாமை இன்னும் அடங்கவில்லை.