உப்புத் தண்ணீர்ச் சிவப்பு

தொண்டாமுத்தூர் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்வாசலில் எப்போதும் ஏதாவது ஒரு துணி சொட்டிக்கொண்டிருக்கும். கோயில் பூசாரிகளுக்கும் சாமியாடிகளுக்கும் அங்கி தைத்து, வேராலும் காயாலும் சாயமேற்றி விற்கிறேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. கைப்பேசியில் பார்த்தது கொஞ்சம், துணியைப் பாழாக்கித் தெரிந்துகொண்டது மிச்சம். பாழான துணிகளெல்லாம் எங்கள் வீட்டில் தலையணை உறைகளாக உழைக்கின்றன. "உங்க ஊட்டுல படுத்தா கனவே கலர் கலரா வருதுங்க" என்று ஒரு விருந்தாளி சொல்லிவிட்டுப் போனார்.

வருகிறவர்களின் பேச்சைக் கேட்கத்தான் நான் தொழிலே செய்கிறேன் என்பார் என் வீட்டுக்காரர். அது முழுப் பொய்யில்லை. ஒருமுறை ஒரு பூசாரி அங்கியைத் தோளில் போட்டுப் பார்த்தபடி, "கனம் இப்பத் தெரியுதுங்க. சாமி வந்தாத் தெரியாது, போனபொறவு மறுக்காத் தெரியும்" என்றார். அந்த ஒரு பேச்சை எத்தனையோ நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் காங்கேயத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்த அந்தப் பெண். முப்பதைத் தாண்டியிருப்பாள். அவளுடைய அப்பா அந்த ஊர் மாரியம்மனுக்குப் பூசாரியாக இருந்தவர். போன வருஷ நோம்பித் திருவிழாவுக்குக் கடையில் வாங்கிய சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மஞ்சள் நீர் ஊற்றியதும் சாயம் இளகி வேட்டி, கால், கோயில் படி என்று எல்லாம் சிவப்பாக ஓடியிருக்கிறது. அந்த வருஷமே அவர் இறந்தும் போனார்.

"சாயம் எறங்குனப்பவே ஆத்தாளும் எறங்கிப் போயிட்டான்னு எங்க பங்காளிக பேசறாங்க அக்கா" என்றாள். "அப்பனுக்கு நான் ஒருத்திதானுங்க. அடுத்த பூசாரி ஆருன்னு ஆத்தாகிட்டப் பூக் கேட்டதுல எனக்குத்தான் உத்தரவு ஆச்சு. செவப்பரளி வந்துதுங்க. அதனால வாயத் தொறந்து வேண்டாம்ன்னு சொல்ல முடியல அவங்களால. ஆனா அங்கியப் பங்காளியில மூத்தவரு கையாலதான் எனக்குப் போட்டு உடணும். அவரு போட்டு உடலைன்னா நான் பூசைக் கொடத்தத் தொட முடியாது."

அந்த மூத்தவர் அவளுடைய பெரியப்பா மகன். தேங்காய்க் களம் வைத்திருப்பவர். அவர் அவளுக்கு ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கியை அப்பா அளவுக்கே தைத்துவிடு, பின்னால் யாராவது போட்டுக்கொள்ளலாம் என்று.

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "அப்ப எந்த அளவு வைக்கட்டும், கண்ணு?" என்றேன்.

அவள் எழுந்து என் முன்னால் நேராக நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். "என்ற அளவு எடுங்க அக்கா."

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். அதற்கு முன்னால் வேலை நிறைய இருக்கிறது. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டு, துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் ஊறிய கறுப்புச் சாற்றால் ஓரங்களில் வேப்பிலைக் கொத்தும் முதுகில் ஒரு சூலமும் வரைந்தேன். அதன்மேல் படிகாரம் ஏற்றினேன். படிகாரம் பிடித்த இடத்தைத்தான் வேர் பிடிக்கும். கடைசியில் மஞ்சிட்டிப் பானையில் போட்டு, அடுப்பைச் சிணுங்க விட்டுக் காத்திருக்க வேண்டும். கொதிக்க விட்டால் நிறம் பழுப்படித்துப் போகும்.

அந்த வாரம்தான் எங்கள் தெருவுக்குச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணி என்றால் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் போனால் சொந்தக்காரர்களைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைக் கேட்போம். என் வீட்டுக்காரர் சாயத் தொட்டியைக் கழுவி, அந்தத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தார்.

"ஆத்தாளுக்குப் போற துணி. போர்த் தண்ணி எதுக்கு? இனிமே உப்பு உன்ற குழம்புல மட்டும் இருக்கட்டும்" என்றார். எனக்கும் அது நல்ல காரியமாகவே பட்டது.

அங்கி பானையிலிருந்து வெளியே வந்தபோது சிவப்பாக இல்லை. செங்கல்லுக்கும் பரங்கிக்காய்க்கும் நடுவில் ஒரு நிறம். காய்ந்தால் சரியாகும் என்று கொடியில் போட்டேன். காய்ந்தது, இன்னும் வெளுத்தது. வேர் அதே கடை வேர், படிகாரம் அதே மூட்டை. அடுப்பையும் நான் அவசரப்படுத்தவில்லை. எங்கே தப்பியது என்றே பிடிபடவில்லை. நோம்பிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. புதுத் துணி எடுத்து முதலிலிருந்து தொடங்க முடியாது.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவள் அங்கியைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"காவிங்க்கா இது" என்றாள் மெதுவாக. "இதப் போட்டா எங்க களத்து அண்ணன், சாமியாரம்மா எந்த மடத்துலிருந்து வாரீங்கம்பாரு."

இப்படிப்பட்ட நேரத்தில் நம் பெண்கள் செய்வதைத்தான் செய்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாள், நிறுத்தினாள், சொம்பை உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க்கா, இது இனிக்குது? எங்க ஊர்ல இந்தத் தண்ணி இருந்தா நான் பாதி நேரத்துல சமையல முடிச்சிருவேன். எங்க உப்புக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகவே வேகாதுங்க. துணிக்குச் சோப்புப் போட்டா நுரை வராது, கையிதான் தேயும். எதப் போட்டாலும் கெட்டியாப் புடிச்சுக்குமுங்க அந்தத் தண்ணி."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். இதுவரை எனக்கு நல்ல சிவப்பு வந்ததெல்லாம் எங்கள் போர்த் தண்ணீரில். பல்லில் கறை, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் என்று நான் தினமும் திட்டிக்கொண்டிருந்த அதே தண்ணீரில். அந்த உப்புதான் வேரின் சிவப்பைத் துணியில் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

"ஏனுங்க, போர் மோட்டாரப் போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

"அது எதுக்குப் புள்ள? தொட்டி நெறையாச் சிறுவாணி இருக்குதே?"

"அதனாலதானுங்க சொல்றேன்."

அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். மறுபடி புது வேர்ச் சாற்றில், போர்த் தண்ணீரில் முக்கிப் பார்க்கலாம். சிவப்பு வரும் என்றுதான் நினைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது. திட்டுத் திட்டாகவும் பிடிக்கலாம். அப்படியானால் இந்தக் காவியும் இருக்காது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு போவதானாலும் போகலாம்.

"முக்குங்க அக்கா" என்றாள். "காவியோட போயி நிக்கறதுக்கு, திட்டோட நின்னாலும் செவப்போட நிக்கறேன்."

அன்று பகல் முழுக்க அவள் பானையை விட்டு நகரவில்லை. நான் துணியைக் கோலால் திருப்பிக்கொண்டேயிருக்க, அவள் விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். பேச்சு அவள் அப்பாவைப் பற்றியே இருந்தது. அங்கியைப் போட்டதும் வேறு ஆளாகிவிடுவாராம். கழற்றியதும், "பசிக்குது கண்ணு" என்று முதலில் அவளிடம்தான் வருவாராம். அந்தப் பசிக்காகத்தான் தனக்கு நோம்பியே பிடிக்கும் என்றாள். துணி மெல்ல மெல்லக் கறுத்துச் சிவந்தது. அலசிப் பிழிந்து விரித்தபோது, வேப்பிலையும் சூலமும் அந்தச் சிவப்புக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்திருந்தன. "ஆத்தா மொகத்துல பூசுன குங்குமம் மாதிரியே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, ஈரத்தோடு அதை மோந்து பார்த்தாள்.

நோம்பியன்று நானும் வீட்டுக்காரரும் பஸ் பிடித்துப் போனோம். கோயில் முன்னால் பங்காளிகள் வரிசையாக நின்றார்கள். அவள் குளித்து ஈரத் தலையோடு நின்றாள். தேங்காய்க் களத்துக்காரர் தட்டிலிருந்து அங்கியை எடுத்து உதறினார். தன் நெஞ்சின்மேல் வைத்து அளந்தார். அது அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது.

"இது வேற ஆருக்கும் பத்தாதே, அம்மணி" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றாள் அவள்.

மூத்தவர் கட்டைவிரலைத் தீர்த்தச் சொம்பில் நனைத்து, கழுத்துப் பட்டியில் அழுத்தித் தேய்த்தார். விரலை வெயிலில் நீட்டிப் பார்த்தார். மறுபடியும் நனைத்து, இம்முறை சூலத்தின் மேல் தேய்த்தார். விரலில் துளிச் சிவப்பும் ஒட்டவில்லை. என் வீட்டுக்காரர் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

மூத்தவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அங்கியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"கையத் தூக்கு, கண்ணு."