பூட்டிய ஆபீஸில் கேட்ட குரல்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஆவி, அசரீரி என்று யாராவது பேச்செடுத்தால் வேலை இருக்கிறது என்று எழுந்து போகிறவள் நான். இப்போதும் அப்படித்தான், இந்த ஒன்றைத் தவிர.

செஞ்சியில் சோலார் பம்பு போட்டுக்கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. போன் எடுப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான். கோட்டை ரோட்டில் ஒரு பழைய அரிசி மண்டிதான் ஆபீஸாக இருந்தது. பகலிலும் லைட் போட வேண்டும், மழை வந்தால் வாளி வைக்க வேண்டும். "ஊருக்கெல்லாம் வெயில்ல கரண்ட் எடுத்துக் குடுத்துட்டு நாம இருட்டுல உக்காந்துகினு இருக்கிறோம்" என்று முதலாளி ஆரோக்கியம் சார் புலம்பிப் புலம்பி, கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கட்டடம் கட்டிவிட்டார். மாடி முழுக்க சோலார், தரைக்குக் கீழே மழைத்தண்ணீர்த் தொட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜகிரிக் கோட்டை தெரியும்.

சாமான் மாற்றிய அன்று மத்தியானம், நல்ல வெயில். எல்லோரும் புது ஆபீஸில் இருந்தார்கள். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்க நான் மட்டும் திரும்பிப் போனேன். பூட்டில் சாவியை வைக்கிறேன், உள்ளே ஒரு பெண் போன் பேசுகிறாள்.

"இன்னா சொல்றீங்க? காலையில எங்கூடதான டீ குடிச்சாரு..."

என் குரல். நம்பினால் நம்புங்கள், தன் குரல் தனக்குத் தெரியாதா? கதவைத் திறந்தேன். யாருமில்லை. காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிந்தது. போன் ஒயரைக்கூட முந்தின நாளே பிடுங்கியிருந்தார்கள்.

சர்வீஸ் பார்க்கும் யூசுப் பாயிடம்தான் சொன்னேன்.

"காலி ரூமு எக்கோ அடிக்கும்மா. ரோட்டுல எவளாவது பேசிக்கினு போயிருப்பா. டென்சன்ல இருக்கிற, போய் சாப்டு."

"என் குரல் பாய் அது."

"நீ இங்க நிக்கிற, உன் குரல் அங்க போயி இன்னா பண்ணுது?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

யூசுப் பாய்க்குப் புது ஆபீஸ் ரொம்பப் பிடித்திருந்தது. தினமும் கிளம்பும் முன் கண்ணாடி ஓரம் நின்று என்னோடு டீ குடிப்பார். ஐப்பசியில் ஒருநாள், வானம் மூடிக் கிடந்தது, பனமலைப் பக்கம் மோட்டார் ஓடவில்லை என்று புறப்பட்டுப் போனார். மதியத்துக்குள் அந்த நிலத்துக்காரர் போன் செய்தார். மோட்டாரை ஓடவிட்டுக் கை கழுவ உட்கார்ந்தவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம்.

"உயிரு இல்லம்மா."

நான் பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதே வார்த்தைகள். டீ என்கிற இடத்தில் குரல் உடைந்ததும் அதேபோல. ஆரோக்கியம் சார் "இன்னா ஆச்சிம்மா?" என்று ஓடி வந்தார், எனக்கு வாய் திறக்கப் பயமாக இருந்தது.

ஏனென்றால் பாயிடம் அன்று நான் சொன்னது பாதிதான். பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் அதற்கப்புறம் யாரிடமோ மெதுவாக, "சரி, நானும் வரேன். கதவத் தொறந்தே வைங்க" என்றது.

அதை உங்களைத் தவிர நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. முதல் பாதி பலித்த பிறகு, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வரேன்" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்குகிறேன். மரியாதை தெரியாதவள் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசிக்கொள்ளட்டும்.