இடுப்புக்குக் கீழே ஓர் எலும்பு

எங்கள் டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு முதுகெலும்புப் படம் இருக்கிறது. அதன் அடிப்பகுதியை மறைத்துக் கடைக் காலண்டர் மாட்டியவன் நான்தான். நல்ல நேரம் பார்க்க வருகிறவர்கள் அதிகம். முதுகுத்தண்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் முக்கோணமான திரிக எலும்பைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்திய உதவியாளனாக இருக்கிறேன். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் முதுகுவலி என்று வந்தால், அவர்கள் உட்காரும் முன்பே எனக்குக் காரணம் தெரிந்துவிடும்: கூடை. தைலம், இரண்டு மாத்திரை, நன்றாக நடக்கச் சொல்லி ஓர் அறிவுரை.

ஐம்பது தாண்டிய பாக்கியம் வந்தபோதும் அப்படித்தான். விழவில்லை, வழுக்கவில்லை. இடுப்பைத் தொட்டுக் காட்டினார். சொன்னபடி நடந்தார், வலி கூடியது. டவுனில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தோம், குறையில்லை. படம் நன்றாக இருக்கிறதே, ஆள் ஏன் நொண்டுகிறாள் என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி என்னைக் கேட்டார். கடைசியில் மகன் கைத்தாங்கலாக அழைத்து வரும் நிலை.

"இனி மலைக்குப் போவேனாங்கய்யா?" என்றார். நான் மறுபடியும் தைலத்தை எடுத்தேன்.

எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் மிட்வைஃப் செல்வி அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் தனியாக வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"சேர், வலி இடுப்புல இல்ல. அதுக்கும் கீழ, பின்பக்கத்துல. அமுக்குனா துடிக்கிறாங்க. ஆம்பள டொக்டருக்கு அங்க எப்புடிக் கை வச்சுக் காட்டுறதுன்னு இத்தன நாளா இடுப்பையே காட்டியிருக்காங்க."

கண்டியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். திரிக எலும்பில் விரிசல். மாதவிலக்கு நின்று எலும்பு மெலிந்தவர்களுக்கு விழாமலே, அன்றாடப் பாரத்திலேயே இது வரலாம். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. தைலத்துக்கு எலும்பை ஒட்டவைக்கும் பழக்கமும் கிடையாது. பாரம் தூக்காமல் ஓய்வு, ஊன்றுகோல், எலும்புக்கு மருந்து. சில மாதங்களில் பாக்கியம் தனியாக நடந்து வந்தார். முதலில் தேயிலைக் கன்று வளர்க்கும் மேடையில் லேசான வேலை, பிறகு மெல்ல மலைக்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: விழாத ஆளுக்கும் எலும்பில் விரிசல் விழும். இடுப்புவலி என்றால் சரியாக எந்த இடம் என்று கேளுங்கள். கேட்பது ஒரு பெண்ணாக இருக்கட்டும்.

நான் அத்தோடு நின்றிருக்கலாம். எல்லோருடைய கூச்சத்தையும் ஒரேயடியாகப் போக்கிவிடுவதாக எண்ணி, ஒருநாள், வேலை பிரித்துக்கொடுக்க எல்லோரும் கூடும் காலைப் பெரட்டில் திரும்பி நின்று, என் பின்பக்கத்தில் கை வைத்து இடத்தை விளக்கினேன். பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கங்காணி வானத்தைப் பார்த்தார்.

பாக்கியம்தான் வாய் திறந்தார்: "நாங்க மிஸ்கிட்டயே சொல்லிக்கிறோங்கய்யா. நீங்க மொதல்ல கையை எடுங்க."