அவங்கிட்ட சொல்லு

பழுக்கக் காய்ந்த இரும்புக்கு ஒரு வாசனை உண்டு. சுட்ட மண் மாதிரி, கொஞ்சம் ரத்தம் மாதிரி... நைனா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் எங்கள் வீடு முழுக்க அதுதான்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா பக்கத்தில் இருப்பதால் வந்த பழக்கம். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி போடும் ஒரு ரோலிங் மில்லில், உலைக்குப் பக்கத்திலேயே அவருக்கு வேலை.

அண்ணன் ஸ்டீபன் படிப்பைப் பாதியில் விட்டபோது, சூப்பர்வைசரிடம் பல நாள் நின்று கேட்டு அதே மில்லில் அவனைச் சேர்த்துவிட்டார். அண்ணன் ஒரு வாரம்தான் போனான். பிறகு போகவில்லை.

"அந்த சூட்டுல மனுசன் நிப்பானா?" என்று அம்மாவிடம் சொன்னான்.

நைனா அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னானா, நைனாவை நினைத்துச் சொன்னானா... எனக்கு இன்றைக்கும் தெரியாது. நைனாவுக்கு அது எப்படிக் கேட்டதோ, அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. பேச்சு மட்டும் இல்லை.

நான் அப்போது ப்ளஸ் டூ. அண்ணன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். நைனா என்னைப் பார்த்துச் சொல்வார்.

"நிம்மி, அவன துன்ட்டு போவ சொல்லு."

அண்ணனும் என்னைப் பார்ப்பான். "துன்ட்டேன்னு சொல்லு."

நானும் பைத்தியம் மாதிரி அதையே திரும்பச் சொல்வேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இன்னா ஜென்மங்க நீங்க... ஒரே ஊட்ல குந்திகினு!"

சில வருடம் இப்படியே ஓடியது. அண்ணன் எங்கெங்கோ வேலைக்குப் போனான், வந்தான். ஒருநாள் மதியம் ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்த நைனா நிமிரவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு கை மண் போட்டார்கள். அண்ணனை மட்டும் காணோம். பார்த்தால், கேட்டுக்கு வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தான். சர்ச் சாமியார், சொந்தக்காரர்கள், மில்லில் நைனாவோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அவனிடம் ஓடினாள்.

"பெத்தவருக்கு ஒரு கை மண்ணு போட மாட்டியாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "அவரு கூப்டட்டும்மா. வரேன்."

அம்மா அவனை அடித்தாள். அவன் அடி வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கடைசிவரை உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "நிம்மி... என்னப் பத்தி எதுனா சொன்னாரா?"

உண்மையைச் சொன்னேன். "டெய்லி ஊட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல, அவன் வந்துட்டானான்னு கேப்பாரு. நீ வரலன்னா ரோட்டுல போய் நின்னுக்குவாரு."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் முகம் கோணிப்போனது. "அப்ப என்னாண்டயே கேக்கறதுக்கு இன்னா?" என்று கத்தினான். இதை என்னிடம் கேட்டு என்ன பயன்?

அடுத்த வாரமே வள்ளூருக்குப் போய்விட்டான். பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை, அங்கேயே ரூம். வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கு மட்டும் போன் பண்ணுவான்.

அம்மா அவன் பெயரையே சொல்ல மாட்டாள். ஆனால் என் போன் அடித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். "துன்னானான்னு கேளு."

அவன், "துன்ட்டேன்னு சொல்லு."

முதலில் எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் திடீரென்று உறைத்தது. நைனாவை இதற்காகவே அத்தனை வருடம் திட்டியவள், இப்போது அதே மாதிரி என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது. போனை அம்மா கையில் திணித்தேன். "நீயே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடிக் கடை வரைக்கும் நடந்தேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஒரு சோப்பு வாங்கினேன்.

திரும்பி வந்தபோது அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கத்திக்கொண்டிருந்தாள். "நண்டு துன்னா உனக்கு ஒத்துக்காதுன்னு தெரியும்ல? எதுக்குடா துன்ன? ஒடம்பெல்லாம் தடிச்சிப் போச்சா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் வந்துவிட்டான். இரண்டு பேரும் நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கிளறவில்லை.

இப்போது அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். அம்மா பாதி நாள் வள்ளூரில்தான். போன கல்லறைத் திருநாளுக்கு அண்ணனே எங்களைக் கூட்டிப்போனான். நைனா கல்லறையில் புல்லைப் பிடுங்கினான், மெழுகுவர்த்தி ஏற்றினான். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை அதைச் சுற்றிக் கையை அணைத்துப் பிடித்தபடி குந்தியிருந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை... ஏன் என்று புரியவுமில்லை.

அந்த வீட்டில் நைனா அதிகம் பேசியது என்னிடம்தான். அண்ணனே அதைச் சொல்லிப் பொறாமைப்பட்டிருக்கிறான். அன்றைக்கு வேப்பம்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது, அவர் எனக்கென்று சொன்னது ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.

அவன துன்னச் சொல்லு. அவன குடை எடுத்துக்கினு போவ சொல்லு. அவன் வந்துட்டானா?

எல்லாம் அவனுக்கு.

ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்கினேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.