பதினொன்றா, பதிமூன்றா

கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் சாமான் விற்கும் அந்தக் கடைக்காரரின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான, உயரமான மனிதர். கையிலிருக்கும் புரொப்பல்லர் விசிறியின் இதழ் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

என் கணவர் கிள்ளையிலிருந்து சிறிய ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். எங்கள் புரொப்பல்லர் உடைந்துவிட்டது. கைக்குழந்தையோடு வாங்க வந்த நான், பதிமூன்றாம் நம்பர் என்று கணவர் எழுதித் தந்த சீட்டை நீட்டினேன்.

கடைக்காரர் சீட்டைப் பார்க்கவில்லை. "திரும்பி வரும்போது படகுல என்னாம்மா இருக்கும்?"

"நாலு பேரு, நனைஞ்ச வலை, ஐஸ் பெட்டி, மீனு."

"அப்ப பதினொண்ணு போடுங்க. நம்பர் ஜாஸ்தியானா இதழோட சாய்வு ஜாஸ்தி; காலிப் படகு பறக்கும், லோடு ஏத்துனா எஞ்சின் திணறும். முகத்துவாரத்துல பின்னால அலை வரும்போது திணறலாமா?"

"எங்க வூட்டுக்காரரு அவரு மச்சான் படகுல பதிமூணு ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு."

"காலியா ஓட்டியிருப்பாரு. வேகம் காட்டணும்னா எல்லாரையும் கரையில எறக்கி விட்டுட்டுத்தான ஓட்டுவாங்க."

அது உண்மைதான். ஆனாலும் சொன்னதை மாற்றி வாங்கப் பயம். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினேன்.

"லோடோட ஒருநாள் ஓட்டச் சொல்லுங்க. சரியில்லன்னா மாத்தித் தரேன்" என்றார்.

பதினொன்றை வாங்கினேன். வீட்டில் திட்டு விழுந்தது. மறுநாள் முகத்துவாரத்தருகே குழந்தையோடு நின்றேன். பின்னால் எழுந்த அலை உடைவதற்குள், பாரம் ஏற்றிய எங்கள் படகு சீராக உள்ளே வந்துவிட்டது.

"வேகம் கம்மிதான்" என்றார் கணவர். மாற்றிக்கொண்டு வரச் சொல்லவில்லை.

எங்கள் படகைப் பார்த்தே இராத அந்த மனிதர், அதில் வரும் நாலு பேரை எப்படி அவ்வளவு தெளிவாகப் பார்த்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.